சித்தியின் வண்டியும் வெடிச் சத்தமும்

திண்டிவனத்தில் இருக்கும் என் சித்தி போன மாதம் டெலிபோனில் கூப்பிட்டு, "ஏண்டா, பத்திரிகையில் என்னென்னவோ எழுதுகிறாயே, மோட்டார் வண்டி வெடித்தால் அதற்கு என்ன வைத்தியம் என்று தெரியுமா?" என்று கேட்டாள். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. பிறகுதான் சமாசாரம் விளங்கிற்று.

சித்தி முறுக்கு, தட்டை, அதிரசம் செய்து விழுப்புரத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். (1993-ல் விழுப்புரம் தனி ஜில்லா ஆகிவிட்டது. சித்திக்கு இன்னும் அது தென்னாற்காடுதான்!) நடுவே சுமார் 40 கிலோமீட்டர். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், இரண்டு ஜோடி வளையலை அடகு வைத்து, விழுப்புரத்தில் ஒருவரிடம் பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினாள். மூன்றாவது வாரம் ஆரம்பித்தது வினை. விக்கிரவாண்டி சுங்கச் சாவடி கண்ணில் பட்டு, டிரைவர் பையன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், பின்னால் 'டமார்!' கூட்டேரிப்பட்டில் மறுபடியும் 'டமார்!' மயிலத்துக்குப் போக நின்றிருந்த பாட்டி ஒருத்தி முருகா என்று உட்கார்ந்தே விட்டாளாம்.

ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார்கள். கையடக்கமான கருவியை வண்டியில் சொருகிப் பார்த்து, "பெட்ரோல் அதிகம் போகிறது, சென்சார் கெட்டுவிட்டது" என்றார்கள். சென்சார் மாற்றினார்கள். பிளக்குகளையும் மாற்றினார்கள். 6,000 ரூபாய் போயிற்று, சத்தம் போகவில்லை. "அப்படியானால் வால்வுதான். இஞ்சினை இறக்க வேண்டும், 30,000 ஆகும்" என்றார்கள். இந்த இடத்தில்தான் சித்தி எனக்கு டெலிபோன் செய்தாள். மூன்றாவது ஜோடி வளையல் அவளிடம் கிடையாது.

காஸ் அடுப்பை அணைக்கும்போது சில சமயம் பர்னருக்குள் 'டப்' என்று கேட்கிறதல்லவா? மேலே எரிய வேண்டிய ஜ்வாலை உள்ளே புகுந்துகொள்ளும் சத்தம் அது. வண்டியின் வெடியும் அதற்கு அண்ணன் தம்பி உறவுதான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று கலந்து, சிலிண்டருக்குள்ளே, சரியான க்ஷணத்தில் எரிய வேண்டும். உள்ளே வரும் வழியிலேயே பற்றிக்கொண்டால் ஏர் ஃபில்டர் பக்கம் சத்தம் கேட்கும். எரியாமல் தப்பிய பெட்ரோல் புகைக் குழாயில் போய் எரிந்தால் சைலன்சர் பக்கம் கேட்கும். ஆகவே, எந்தப் பக்கம், எப்போது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் ஸ்பானரைத் தொடவே கூடாது.

முன்பக்கம் கேட்டால், காற்றை உறிஞ்சும் வழியில் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் போதாமல் இருக்கலாம். இன்லெட் வால்வு சரியாக மூடாமலோ டைமிங் தவறியோ இருக்கலாம். மேடு ஏறும்போது இழுவை குறைந்து, குலுங்கி, பின்னால் வெடித்தால் பிளக்கையோ காயிலையோ முதலில் சந்தேகிக்கலாம். சித்தி வண்டியில் இழுவைக்குக் குறைவே இல்லை. காலை எடுத்தால் மட்டும்தான் வெடி.

விழுப்புரத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்த்தார். "காலையில் முதல் முதலாக ஸ்டார்ட் பண்ணும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா, அம்மா?" என்று கேட்டார்.

"இருக்காமல்? நான்தானே டின் ஏற்றுகிறேன்! அப்போது பல்லி கத்துகிற மாதிரி 'டிக் டிக்'கென்று ஒரு சத்தம் வரும். வண்டி சூடானால் நின்றுவிடும். அந்த ஒர்க்ஷாப்பில் இதை என்னிடம் யாருமே கேட்கவில்லையே!" என்றாள் சித்தி.

"பாதி வேலை முடிந்தது. வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலை, வண்டி ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, கையுறை போட்ட உதவிப் பையனைவிட்டு, கனத்த துணியால் சைலன்சர் வாயை ஒரு விநாடி அடைக்கச் சொன்னார். இஞ்சினோடு புகைக் குழாய் சேரும் இடத்தில் 'உஸ்'ஸென்று சீறிற்று! விளக்கடித்துப் பார்த்தால், மானிபோல்ட் விளிம்பில் விறகடுப்புச் சுவரில் படிவது போலக் கரி. கேஸ்கட் எரிந்து போயிருந்தது. ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது. இரும்பு சூடேறி விரிந்தால் சந்து அடைபட்டு 'டிக் டிக்' ஓய்ந்துவிடும். ஆனாலும் ஓட்டத்தில் அந்தச் சந்து வழியே வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே போகும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து, 'பெட்ரோல் போதவில்லை' என்று ஏமாந்து சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கொட்டும். காலை எடுத்ததும், மிச்சப் பெட்ரோலும் புதுக்காற்றும் சூடான குழாயில் சந்திக்கும். அப்புறம் டமார்தான்! பாவம், பழைய சென்சார் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கேஸ்கட், ஸ்டட், கூலி எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாய்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். சித்திக்கு வண்டியை விற்றவர் பட்டப்பகலில், ஏற்கனவே ஓட்டிச் சூடாக்கி வைத்துக் காட்டியிருக்கிறார். பழைய வண்டி வாங்கப் போகிற சகோதரிகள் விடியற்காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுங்கள்.

இன்னொன்று. டாஷ்போர்டில் இஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், மேற்கொண்டு ஓட்டாமல் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள காட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலையைக் கேட்டால் வளையல் அல்ல, வங்கியே வேண்டும். அது நெருப்பாய்ச் சுடும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் உலர்த்திய வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

சித்தி இப்போது ஒரு ஜோடி வளையலை மீட்டுவிட்டாள். விழுப்புரத்துக் கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் மனக்குறை. "முன்பெல்லாம் டமார் என்றால், முறுக்கு வந்துவிட்டது என்று எழுந்து கடையைத் திறப்பேன். இப்போது டிரைவர் பையன் வந்து கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது!" என்கிறார்.