குளிர்சாதனப் பெட்டியின் உண்மை விலை

குளிர்சாதனப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருள் என்ற காலம் மலையேறிவிட்டது. இந்தியாவில் 1958-ஆம் ஆண்டு கோத்ரெஜ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய இப்பெட்டி, இன்று தவணை முறையில் கூலி வேலை செய்வோர் வீட்டிற்கும் வந்துவிட்டது.

புதிய பெட்டிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன, மறுப்பதற்கில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுகிறது. ஓசோன் படலத்தைக் கெடுத்த ஆர்-12 வாயு, 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையால் கைவிடப்பட்டது. இவை விஞ்ஞானத்தின் வெற்றிகளே.

ஆயினும், ‘10 ஆண்டு உத்தரவாதம்’ என்ற விளம்பரத்தை ஊன்றிப் படியுங்கள். பெரும்பாலும் அது கம்ப்ரசருக்கு மட்டுமே. முழுப் பெட்டிக்கு 1 ஆண்டுதான். கம்ப்ரசரை இயக்கும் மின்னணுப் பலகையோ மின்னழுத்தம் ஏறி இறங்கினால் பழுதாகக்கூடும். சுவருக்குள் புதைந்த குழாயில் வாயு கசிந்தால், மெக்கானிக் கையை விரித்துவிடுகிறார். தவணை முடியுமுன்னே பெட்டி முடங்கினால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்?

ஆகவே நண்பர்களே! கதவின் நிறத்தையும் நட்சத்திரங்களையும் மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பலகையின் விலை என்ன, உதிரிப் பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும், பழுது பார்ப்பவர் நம் ஊரில் உண்டா என்று கேளுங்கள். பழுது பார்க்க முடிகிற பொருளே கொடுத்த காசுக்குத் தகும் என்பது என் துணிபு.