நூற்றுக்கு மூவர்தாமா?

எகிப்தில் 2009-ஆம் ஆண்டு நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, ‘ஷீஷா’ எனப்படும் ஹூக்காவைப் புகைக்கும் வயதுவந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர், பெரும்பாலும் ஆடவர். ‘மூவர்தாமே!’ என ஆறுதல் கொள்வோர் உளர். அவர்கள் தலைகளை எண்ணுகின்றனர், புகையை அளப்பதில்லை. ஒரு மணி நேரம் ஹூக்கா இழுப்பவர், ஒரு சிகரெட் தரும் புகையைப்போல் 100 முதல் 200 மடங்கு புகையை உள்வாங்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே எச்சரித்தது. ‘தண்ணீர் வடிகட்டிவிடுமே’ என்பது காப்பிக் கடைகளின் பழைய சமாதானம். தண்ணீர் புகையைக் குளிர்விக்கும். கரி கக்கும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. தொண்டையை உறுத்தாத புகை நுரையீரலுள் ஆழமாக இறங்குகிறது. போதாக்குறைக்கு, 1990-களில் பரவிய இனிப்பூட்டிய புகையிலைக்கு ஆப்பிள் மணம் வேறு! அதே மேசையருகே அமர்ந்து அம்மணத்தைச் சுவாசிக்கும் சிறுவனை, ஐயா, அந்த மூவருள் எவர் சேர்த்தார்?