ஐந்து நாள் குறைகிறது

எங்கள் வீட்டுப் பரணில் காளைத் தலை போட்ட நீல டி-ஷர்ட் ஒன்று கிடக்கிறது. 2009-இல் செகந்திராபாத் பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போகிற வழியில், நடைபாதைக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது. ஒரிஜினல் இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஹைதராபாத் அணி டெக்கான் சார்ஜர்ஸ் ஐபிஎல் கோப்பையை வென்ற வாரம் அது. முந்தைய வருடம் 14 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்தில் கிடந்த அணி, மே 24 அன்று ஜோகன்னஸ்பர்கில் பெங்களூருவை ஆறு ரன்னில் சாய்த்தது. கும்ப்ளே எதிரணியில் நின்று 16 ரன் கொடுத்து நாலு விக்கெட் எடுத்தார், ஆட்ட நாயகனும் ஆனார், கோப்பை மட்டும் எங்கள் ஊருக்கு வந்தது. என் மனைவி அந்த டி-ஷர்ட்டைத் தரை துடைக்க எடுக்கும்போதெல்லாம் பிடுங்கி மறுபடி மேலே போட்டுவிடுவேன்.

டி-ஷர்ட்டின் சாயம் போவதற்குள் அணி போய்விட்டது. 2012 செப்டம்பர் 14 அன்று கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஸ்டெயின் எங்கே போவார், சங்ககரா எங்கே போவார் என்று செகந்திராபாத் இரானி ஓட்டல்களில் அன்று ஒரே பேச்சு. நான் நாற்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. அந்த மாதத்துச் சம்பளப் பட்டியலை யார் போட்டிருப்பார்?

ஒரு அணி என்றால் டிவியில் தெரிகிற பதினொரு பேரும் பெஞ்சில் இருப்பவர்களும் மட்டும்தானா? டிக்கெட் கணக்கு, விளம்பரதாரர் பில், ஓட்டல் அறை, வெளிநாட்டு வீரருக்கு விசா, பஸ், பாதுகாப்புக்கு போலீசுக்கு எழுதும் கடிதம், சலவைக்குப் போகும் ஜெர்சி மூட்டைக்கு ரசீது, இதெல்லாம் அலுவலகத்து வேலை. சார்ஜர்ஸ் அலுவலகத்துக்கு இது சாதாரண அணிகளைவிட இரட்டை வேலையாக இருந்திருக்கும். ஐந்து சீசனில் இரண்டு சீசன் சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2009-இல் நாடாளுமன்றத் தேர்தல் என்று போட்டியே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 2010-இல் தெலங்கானா போராட்டம், நாக்பூரும் கட்டக்கும் நவி மும்பையும் ‘சொந்த மைதானம்’ ஆயின. 2012-இலும் ஹைதராபாத் உப்பல் மைதானத்தோடு விசாகப்பட்டினம், கட்டக் என்று அலைந்தார்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் எத்தனை பில்லைக் கிழித்து எத்தனை பில் புதிதாகப் போட்டிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கே தலை சுற்றுகிறது.

முடிவு எப்படி வந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். 2008 ஜனவரி 24 ஏலத்தில் டெக்கான் கிரானிக்கிள் குழுமம் 10 கோடியே 70 லட்சம் டாலருக்கு இந்த அணியை வாங்கியது. 2012-இல் அந்தக் குழுமம் கடனில் மூழ்கியது. அணியை விற்கப் பார்த்தார்கள். சென்னையின் பிவிபி வென்ச்சர்ஸ் ஒன்றுதான் வந்தது, 900 கோடி ரூபாய்க்குக் கேட்டது, வேண்டாம் என்றார்கள். மறுநாளே வாரியத்தின் ரத்துக் கடிதம். வாரியம் அடுக்கிய காரணங்களில் வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி வைத்ததும் ஒன்று. விவகாரம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 100 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்தால் அணி தங்கும் என்ற நிலை வந்தது. அக்டோபர் 12 வரை அவகாசம், கொடுக்க முடியவில்லை. அதே மாதம் 25-ஆம் தேதி சன் டிவி வருடத்துக்கு 85.05 கோடி ரூபாய் என்று ஏலம் எடுத்தது. நாற்பத்தொரு நாளில் ஹைதராபாதுக்கு வேறு முதலாளி.

அடுத்த சீசனில் ஸ்டெயின், ஷிகர் தவன், அமித் மிஸ்ரா, இஷாந்த் எல்லாரும் புது முதலாளியின் சன்ரைசர்ஸ் சட்டையில் அதே உப்பலில் இறங்கினார்கள். சங்ககராவே கேப்டன். பழைய பாக்கியில் அவர்களுக்குள்ள வருத்தம் தனி. ஆனாலும் வீரருக்கு அணி, வாரியம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உண்டு, ஏலம் உண்டு, மைக் உண்டு. கொச்சி டஸ்கர்ஸ் என்ற இன்னொரு ஐபிஎல் அணி கலைந்து பத்து வருடம் கழித்து, 2021-இல், பிராட் ஹாட்ஜ் ட்விட்டரில் எங்களுக்கு இன்னும் 35 சதவீதம் பாக்கி என்று எழுதினார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கொச்சி அணியின் ஸ்டோர் கீப்பர் அப்படி எழுதியிருந்தால் யார் போட்டிருப்பார்கள்?

கடை மூடுவது என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். 2003-இல் பாலாநகரில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், கதவைச் சாத்தியது. நாற்பத்தொரு பேர். எல்லாருக்கும் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் தாளை நான்தான் தயாரித்தேன். நாற்பத்தொன்றாவது தாள் என்னுடையது.

அதில் ‘நோ டியூஸ்’ படிவம் என்று ஒன்று உண்டு. ஸ்டோர்ஸ், கேன்டீன், போக்குவரத்து, நூலகம், நிர்வாகம், கணக்கு என்று ஆறு கட்டம். எங்கள் கம்பெனியில் நூலகம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கட்டத்தில் கையெழுத்து இல்லாமல் செக் போடக் கூடாது என்று உத்தரவு. முதல் இருபது பேருக்குச் சிக்கல் இல்லை. அப்புறம் ஸ்டோர்ஸ்காரர் தன் தாளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார், நிர்வாகத்துக்காரர் போய்விட்டார், கையெழுத்துப் போட ஆள் இல்லை. கடைசிப் பத்துப் பேருக்கு ஆறு கட்டத்திலும் நானே போட்டேன். எனக்கும் நானே போட்டுக்கொண்டேன். நூலகப் புத்தகம் எதுவும் பாக்கியில்லை என்று என்னைப் பற்றி நானே சான்று கொடுத்திருக்கிறேன்.

வரவேற்பில் இருந்த பெண் கடைசி நாள் மாலை பார்வையாளர் ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். “ஈ ரிஜிஸ்டர் எவரிகி இவ்வாலி சார்?” யாரிடம் கொடுப்பது என்று கேட்கிறாள். ஒன்பது வருடம் அவள் கையெழுத்தில் ஓடிய நோட்டு. எனக்கும் தெரியவில்லை, வைத்துவிட்டுப் போம்மா என்றேன். கடைசி வரியில் ஒரு கூரியர்காரர் பெயர், உள்ளே வந்த நேரம் 3.40. வெளியே போன நேரம் எழுதவில்லை. அவளுக்குக் கணக்குப்படி வரவேண்டியதில் பாதிதான் என் கையால் கொடுத்தேன். மீதி ‘பிறகு’ என்றார்கள். அந்தப் பிறகு வரவில்லை.

அதனால்தான் சார்ஜர்ஸ் கதையில் எனக்குத் தேதிகள் மேல் கண் போகிறது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, 1972-ஆம் வருடச் சட்டப்படி ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் முடிந்திருந்தாலே ஐந்து வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு; எங்களைப் போன்ற கணக்கர்கள் அதை மந்திரம்போல் மனப்பாடமாக வைத்திருப்போம். ஒருவர் அணி ஏலம் போன அன்றே, 2008 ஜனவரி 24-ஆம் தேதியே, வாரம் ஆறு நாள் வேலைக்குச் சேர்ந்தார் என்று வையுங்கள். ரத்துக் கடிதத்து நாளோடு அவர் வேலையும் போனது என்றால், நாலு வருடம் முழுசாக ஆகியிருக்கும். ஐந்தாவது வருடத்தில் எத்தனை நாள்? காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 235. ஐந்து நாள் குறைகிறது.

25,000 ரூபாய் சம்பளக்காரராக இருந்தால் அந்த ஐந்து நாளின் விலை 72,115 ரூபாய். இது என் பேப்பர் கணக்குதான். குழுமத்தின் பத்திரிகையில் முன்பிருந்தே வேலை பார்த்து அணிக்கு மாறியவருக்கு இது பொருந்தாது, கடிதம் வந்த பிறகும் சிலருக்குச் சம்பளம் ஓடியிருக்கலாம். ஆனால் அணியோடு அணியாகச் சேர்ந்தவர் ஒருவருக்குக்கூட ஐந்து வருடம் முழுசாக நிறைந்திருக்க வழியில்லை. அணியின் ஆயுளே அவ்வளவுதான்.

முதலாளி தரப்பு இதில் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரத்து செல்லாது என்று வழக்காடி, 2020 ஜூலையில் 4,800 கோடி ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்று நடுவர் தீர்ப்பு வாங்கினார்கள். அடுத்த ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எட்டு ஒன்பது வருடம் வக்கீல் வைத்து வாதாட இரண்டு தரப்புக்கும் வசதி இருந்தது. 72,115 ரூபாய்க்கு எந்த வக்கீல் வருவார்?

இது நம் ஊர்ச் சீக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ‘மணிபால்’ படம் பலரும் பார்த்திருப்பீர்கள். பிராட் பிட் நடித்தது, பேஸ்பால் கதை. அலுவலகத்து அறையில் உட்கார்ந்து புள்ளிவிவரம் பார்த்தே ஓக்லண்ட் ஏஸ் அணியைத் தூக்கி நிறுத்தும் கதை. சினிமா சரித்திரத்தில் கணக்குப் போடுகிறவனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று என் நண்பர்களிடம் சொல்வேன். அதே ஏஸ் அணி 2020 கொரோனாவில் அலுவலக ஊழியர்கள் பலரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. இளநிலை ஆட்டக்காரர்களுக்கு வாரம் கொடுத்துவந்த 400 டாலரையும் நிறுத்துவதாக அறிவித்தது. ஊரே காறித் துப்பியது. பத்து நாளுக்குள் உரிமையாளர் ஜான் ஃபிஷர் தப்புச் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு 400 டாலரைத் திரும்பக் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்கள் அப்படித் திரும்பி வரவில்லை, அவர்களுக்கு ஓர் உதவி நிதி மட்டும் வந்தது. 2024 செப்டம்பரில் அணி ஓக்லண்டைவிட்டே கிளம்பியபோது இன்னொரு கூட்டம் வேலை இழந்தது.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்றால், அணிகள் மறுபடி கைமாறும் காலம் இது. பெங்களூரு அணியில் உள்ள முதலீட்டை மறுபரிசீலனை செய்வதாக அதன் உரிமையாளர் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்தது. அதே மாதம் 21-ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை என்கிறது சட்டம். நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பையன் இருக்கிறான். சீசன் வந்தால் ஓர் ஈவென்ட் கம்பெனி மூலம் உப்பலில் கேட் வேலைக்குப் போவான். “ரெண்டு மாசம்தான் அங்கிள், அப்புறம் ஸ்விக்கி” என்கிறான். இரண்டு மாதக்காரனுக்கு ஒரு வருடச் சட்டமும் எட்டாது. முழுநேர அலுவலர்களுக்கும், சட்டம் சொல்லும் பணம் கையில் வர வேண்டுமானால் கல்லாவில் பணம் இருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் அந்தக் கல்லாவில் என்ன இருந்திருக்கும்?

என் யோசனை சாதாரணமானது. வாரியம் அணிகளோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்க்கட்டும்: அலுவலக ஊழியர்கள், சீசன் ஆட்கள் எல்லாருடைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் ஒவ்வொரு அணியும் ஏப்ரலுக்கு முன்பே வாரியத்திடம் வங்கி உத்தரவாதம் கொடுத்துவிட வேண்டும். அணி விற்றாலும் மூடினாலும் அதிலிருந்து முதலில் அவர்களுக்கு. புதிதாக வாங்குகிறவர் பழைய ஆட்களின் பட்டியலைப் பார்த்து, வேண்டியவர்களை எடுத்துக்கொள்ளட்டும். ஸ்டெயினை அப்படித்தானே எடுத்தார்கள்?

பெரிய செலவு என்பார்கள். நாற்பது பேர் அலுவலகம், சராசரி 50,000 ரூபாய், மூன்று மாதம். 60 லட்சம் ஆகிறது. 2025 ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடாத புதுமுகத்தின் குறைந்தபட்ச அடிப்படை விலை 30 லட்சம். அப்படி இரண்டு பேரை வாங்குகிற காசு.