ஜவ்வாது மலையில் ஓர் அறை

ஜவ்வாது மலைக்கு வரும் பயணிகளுக்குப் புதிய விடுதிகளைவிட, மலையாளிப் பழங்குடியினர் வீடுகளில் வாடகைக்கு ஓர் அறையே பொருத்தம் என்பேன். இம்மலையிலுள்ள காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருண்ட வானத்தை நம்பியிருக்கிறது. விடுதி வந்தால் விளக்குத் தூண்களும் வரும். வீட்டில் ஓர் அறை கூடினால் ஒரு பல்புதான் கூடும். அவர்கள் விளைவிக்கும் சாமையின் விலை சரியும் ஆண்டில் அந்த வாடகை குடும்பத்தைத் தாங்கும். சிறிய வீட்டில் உபரி அறைக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். ஒன்றிய அரசு 2024இல் அறிவித்த பழங்குடியினர் இல்லத் தங்கல் திட்டத்தில் இரண்டு புதிய அறைகள் கட்ட 5 லட்சம் ரூபாய் வரை, பழைய அறைகளைச் சீரமைக்க 3 லட்சம் வரை உதவி உண்டு. வெளியார் வந்தால் ஊர்ப் பழக்கம் கெடும் என்பார்கள். விடுதியில் தங்குபவரை ஊர் தட்டிக்கேட்க முடியாது. அதே கூரையின்கீழ் வாழும் வீட்டுக்காரரால் முடியும்.