மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறீர்களா?

பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வடாம் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டனவா? சந்தோஷம். கைப்பையில் இருக்கும் டெலிபோனையும் ஒரு தடவை வெளியே எடுங்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

என் அத்தை போன வருஷம் நியூஜெர்ஸியில் இருக்கும் மகளிடம் போயிருந்தார். மூன்றாம் நாள் மாம்பலத்திலிருந்து எதிர்வீட்டு மாமி கூப்பிட்டார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றியதில் ஆரம்பித்து, குழாய் ரிப்பேர், வேலைக்காரி வராதது என்று இருபது நிமிஷம். "அவர்தானே கூப்பிட்டார், எனக்கென்ன செலவு?" என்று அத்தையும் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பில் வந்தது. அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேல்! அந்த வாரம் முழுவதும் மாமா யாரோடும் பேசவில்லை. டெலிபோனிலும் சரி, நேரிலும் சரி.

மாமி மேல் குற்றமில்லை. அவர் அழைத்தது சென்னை எண்ணை. அவருக்கு உள்ளூர்க் கணக்குதான். அங்கிருந்து அமெரிக்கா வரை அந்தப் பேச்சு பிரயாணம் செய்த கூலி அத்தை தலையில் விழுந்தது. ரோமிங் என்பது இதுதான். 1956-ல் அட்லாண்டிக் கடலடியில் முதல் டெலிபோன் கேபிள் போட்டபோது, லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் மூன்று நிமிஷம் பேச மூன்று பவுன். காசு கரைவது தெரிந்தே பேசினார்கள். நமக்கோ, வரும் அழைப்புக்குக் காசில்லை என்று பழகிவிட்டது. கடல் தாண்டினால் அந்தப் பழக்கம்தான் வினை.

ஆகவே, புறப்படுமுன்பே உறவினர்களிடமும் அண்டை வீட்டாரிடமும், "வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். மகள் வீட்டு வைஃபையில் பேசினால் தனியாகக் காசு கிடையாது. விமானத்தில் ஏறியதும் 'ஏர்ப்ளேன் மோட்'. இறங்கியதும் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண அழைப்பு மணி அடித்தால் எடுக்காமல், பிறகு வாட்ஸ்அப்பில் நீங்களே கூப்பிடலாம்.

அதற்காகச் சென்னை சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். பாங்கிலிருந்து ஓ.டி.பி. அதில்தானே வர வேண்டும்? வெளிநாட்டில் எஸ்.எம்.எஸ். பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. உங்கள் கம்பெனியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாங்கின் 1800 எண் பெரும்பாலும் அங்கிருந்து கிடைக்காது. அவர்களுடைய சாதாரண எண்ணை, முன்னால் 91 சேர்த்து, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எண்பது வயது மாமியாரை விட்டுவிட்டுப் போகிறீர்களா? வாட்ஸ்அப் தெரியாதவரா? அப்படியானால் சிக்கனம் பார்க்காமல், புறப்படுமுன் ஒரு ரோமிங் பாக் வாங்கிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டால், காசைக் கணக்குப் பார்க்காமல் எடுக்க வேண்டுமே!

அத்தை அடுத்த மாதம் மறுபடியும் கிளம்புகிறார். இந்தத் தடவை எதிர்வீட்டு மாமிக்கு வாட்ஸ்அப் கற்றுக்கொடுத்தாயிற்று. ஒத்திகை தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறது, எதிரும் புதிருமான இரண்டு வாசல்களிலிருந்து.