சாவி கடைக்காரரிடம்

இணையக் கடையில் வாங்கிய வீடியோ கேமுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது, அதாவது ரீஃபண்ட் கோருவது, விதிப் புத்தகங்களில் மிக எளிதாகவும் நடைமுறையில் மிகக் கடினமாகவும் இருக்கின்ற நுகர்வோர் உரிமையாகும். இவ்வாரம் இப்பத்தியின் பார்வைக்கு வந்த ஒரு மறுப்புக் கடிதம் இதற்குச் சான்று. தொடங்கும்போதெல்லாம் திரை உறைந்து நின்றுவிடும் ஒரு விளையாட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுத்த ஓர் இணையக் கடை, வாங்கியவர் அனுமதிக்கப்பட்ட நேரத்தைவிட அதிகமாக விளையாடிவிட்டார் என்பதைக் காரணமாகக் காட்டுகிறது. அந்த நேரத்தின் பெரும்பகுதி, கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைத்துப் பார்ப்பதிலும், டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் திறந்து பார்ப்பதிலும், கடையின் உதவிப் பக்கமே சொன்ன வழிமுறைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதிலும் கழிந்தது என்பதை அக்கடிதம் பொருட்படுத்தவே இல்லை. கடை சொன்னபடி பழுதைச் சரிசெய்ய முயன்றவரிடமே அந்த முயற்சியைக் குற்றமாகத் திருப்பிக் காட்டுவது அநீதி.

இத்தகைய நேரக் கணக்குக்குப் பரவலாக அறியப்பட்ட முன்மாதிரி, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடை 2015 ஜூனில் கொண்டுவந்த விதியாகும். வாங்கி 14 நாள்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், எக்காரணத்துக்காகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது அவ்விதி. அதுவரை இருந்த நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கடையின் கடிகாரம் அளப்பது நிரல் திறந்திருந்த நேரத்தை மட்டுமே; திறந்த நிரலுக்கு முன்னே அமர்ந்திருந்தவர் உண்மையில் விளையாடினாரா என்பதை அது அறியாது. 2020 ஆகஸ்டில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை ஸ்டீமில் வாங்கியவர்கள் இதை நன்கு உணர்ந்தார்கள். முதலில் சிறியதொரு நிரல் மட்டும் இறங்க, சுமார் 90 ஜிபி அளவுள்ள எஞ்சிய தரவு விளையாட்டைத் திறந்த பின்னரே உள்ளிருந்தபடி இறங்கியதால், ஒரு விமானத்தைக்கூட மேலே எழுப்பாதவர்களின் கணக்கிலும் விளையாடிய நேரம் ஏறிக்கொண்டே போயிற்று.

விதியைக் கடை எழுதலாம். ஆனால் அதற்கு மேல் நாட்டின் சட்டம் உண்டு என்பதை உறுதிசெய்த வழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2014 ஆகஸ்டில் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. தான் ஆஸ்திரேலியாவில் தொழில் நடத்தவில்லை என்றும், பயனர் ஒப்பந்தம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டத்துக்கே உட்பட்டது என்றும், தான் தருவது பொருளே அன்று என்றும் அந்நிறுவனம் வாதிட்டது. ஆனால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், பொருள் என்பதன் வரையறைக்குள்ளேயே கணினி மென்பொருளையும் சேர்த்திருந்தது; அந்நாட்டில் ஸ்டீமுக்கு 22 லட்சம் கணக்குகள் இருந்தன; சர்வர்களும் அங்கே இயங்கின. 2016 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி எடல்மன் ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்; அதே ஆண்டு டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது; 2018இல் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்ததோடு வழக்கு முடிந்தது. பழுதான பொருளுக்குப் பணம் திரும்பப் பெறும் உரிமையை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் அழிக்க முடியாது என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

அவ்வாறிருக்க, மேற்குறித்த மறுப்புக் கடிதத்தைப் பெற்றவர் ஏன் அத்துடன் நிறுத்திக்கொண்டார் என்பதே இவ்வாரம் இப்பத்தியை வேறு திசைக்கு இழுத்துச் சென்ற வினா. வங்கியிடம் முறையிட்டு, அட்டைவழி சென்ற பணத்தை மீட்டெடுக்கும் சார்ஜ்பேக் என்னும் வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அதைத் தொடாததற்குக் காரணம் அச்சம். ஒரு விளையாட்டுக்காக வங்கிக்குப் போனால், பல ஆண்டுகளாகச் சேர்த்த மற்ற விளையாட்டுகள் அனைத்தும் அடங்கிய கணக்கையே கடை பூட்டிவிடக்கூடும் என்று அவர் அஞ்சினார்.

இது வெறும் கற்பனையான அச்சம் எனத் தள்ளிவிட இயலாது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. விளையாட்டு உறக்கநிலையிலிருந்து விழிக்கும்போது அழுத்தும் பொத்தானோ, ஒரு பொருளை முன்னோட்டம் பார்க்க முனைகையில் பக்கத்தில் தவறிப் படும் பொத்தானோ பணத்தைப் பிடித்துவிடும் வகையில் திரை அமைக்கப்பட்டிருந்தது என்றும், பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி எளிதில் கண்ணில் படாதவாறு மறைக்கப்பட்டிருந்தது என்றும், தாம் ஒப்புதல் தராத கட்டணத்தை வங்கி வழியே எதிர்த்தவர்களின் கணக்குகள் பூட்டப்பட்டு அவர்கள் வாங்கிய அனைத்தும் கைவிட்டுப் போயின என்றும் ஆணையம் கூறியது. 2022 டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, பயனர்களுக்குத் திருப்பித் தர எபிக் 24.5 கோடி டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. அதன் முதல் தவணை பயனர்களின் கைக்கு வரத் தொடங்கியது 2024 டிசம்பரில்தான்.

விற்கும் கடையே வாங்கிய பொருளைப் பாதுகாக்கும் அலமாரியாகவும் இருந்து, அதன் சாவியும் விற்றவரிடமே இருக்கும் ஏற்பாட்டைப் பற்றி இப்பத்தி மீண்டும் மீண்டும் எழுதிவருவதைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். சலிப்புக்கு அஞ்சி அதை விட்டுவிடவும் முடியவில்லை. தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து ஆடிய கருவிகளின் கேசட்டுகளை நினைவுகூர்பவர்கள், ஸ்டிக்கர் உரிந்து பெயர் மங்கிய கேசட்டும் கைமாறிக்கொண்டிருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். நண்பருக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பழைய விலைக்கு விற்கலாம். விற்ற கடைக்காரரோடு சண்டை போட்டாலும் வீட்டில் இருக்கும் கேசட்டுகளை அவர் வந்து எடுத்துச் செல்ல முடியாது. வாங்குபவருக்கு அக்காலத்தில் ரீஃபண்ட் விதி எதுவும் இல்லை என்பது உண்மையே. ஆனால், தன் உடைமையை இழக்க நேரும் என்று அஞ்சாமல் கடைக்காரரின் முகத்துக்கு நேரே பேசும் வலிமை அவருக்கு இருந்தது. இன்று விற்கப்படுவதோ உரிமம், அதாவது கடை வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. ஸ்டீமின் பயனர் ஒப்பந்தம் கணக்கை வேறொருவருக்கு மாற்றித் தருவதையே தடைசெய்கிறது; ஒருவர் தம் வாழ்நாளில் வாங்கிச் சேர்த்ததைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் வழியும் இதனால் அடைபடுகிறது.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு, தனியாக ஆடுவதற்கும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்ற அமைப்புடையது. 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களிடமும் ஆடக்கூடியதாக எதுவும் எஞ்சவில்லை. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கம், விளையாட்டுகளைக் கைவிடும் நிறுவனங்கள் அவற்றை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோருகிறது; அக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது. கூகிள் தன் ஸ்டேடியா சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, அதில் வாங்கப்பட்ட விளையாட்டுகளின் விலையைத் திருப்பித் தந்தது என்பதைப் பார்க்கையில், மனமிருந்தால் மூடும்போது வாங்கியவரை வெறுங்கையோடு விடாதிருப்பது இயலாத காரியமன்று என்பது தெளிவாகும். ஜிஓஜி என்னும் கடை, பூட்டு ஏதுமற்ற நிறுவல் கோப்புகளைத் தரவிறக்கித் தம் கணினியில் சேமித்துக்கொள்ள அனுமதிக்கிறது. 2025 முதல் நடைமுறையில் உள்ள கலிஃபோர்னியச் சட்டம், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குமுன் வெளிப்படையாகச் சொல்லுமாறு கடைகளைப் பணிக்கும்போது, இவ்வாறு நிரந்தரமாகத் தரவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தக் கூடியவற்றுக்கு விலக்கு அளித்திருப்பது இவ்வேறுபாட்டைச் சட்டமே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மின்வணிகத்தின் வரையறைக்குள் டிஜிட்டல் பொருள்களையும் சேர்த்துள்ளது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. பழுதான பொருளுக்குப் பணம் தர மறுப்பதைத் தடைசெய்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்குமாறு குறைதீர் அலுவலரைப் பணிக்கின்றன. கடையிடம் பயன் கிட்டாதவர் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் எபிக் மீதான அமெரிக்க ஆணை, ஒப்புதல் தராத கட்டணத்தை எதிர்த்தவரின் கணக்கைப் பூட்டக் கூடாது என்று தனியாகவே தடை விதித்திருக்க, அவ்வாறானதொரு வாசகம் இந்திய விதிகளில் இடம்பெறவில்லை. அடுத்த திருத்தத்தில் அது சேர்க்கப்பட வேண்டும். மறுப்புக் கடிதம் பெற்ற அந்த வாடிக்கையாளர் வங்கிக்குப் போகத் துணிய வேண்டுமானால் அவருக்குத் தேவைப்படுவது அந்த ஒரு வாசகம்தான்.