அமைதியான வழிகள் யாருக்கு?

பிரான்ஸ் நாட்டின் முந்திரிகைத் தோட்டப் பிரதேசங்களைத் துவிச்சக்கர வண்டியில் சுற்றிப் பார்க்கவென அமைந்த வழிகளைப் பற்றிப் பலரும் புகழ்ந்து பேசுகின்றனர். மலைச்சரிவு, காடு, தோட்டம், பழைய தேவாலயம், சிறு கிராமம் என மாறிமாறி வரும் அவ்வழிகளில் மோட்டார் வாகனங்களின் இரைச்சல் இல்லை. பகலில் நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் ஓடி, இரவில் ஒரு கிராமத்தில் தங்கி, காலையில் மறுபடியும் புறப்படலாம். இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்லவா, கமத்தையும் காணியையும் விட்டு வந்த எங்களுக்கு இதனால் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் இவ்வழிகளின் கதை கமக்காரரின் கதை என்பதே எமது கருத்து. இவை எவ்வாறு உண்டாயின, அங்கே ஏன் இத்தனை அமைதி, வரும் பயன் யார் கையைச் சேர்கின்றது என்ற மூன்று கேள்விகளை இங்கு நோக்குவோம்.

புகையிரதம் போன வழி

இவ்வழிகளிற் பல, முன்னர் புகையிரதம் ஓடிய பாதைகள். பர்கண்டிப் பிரதேசத்தின் தெற்கே, ஜிவ்றி என்னும் ஊரிலிருந்து குளூனி வரை 44 கிலோமீற்றர் நீளத்துக்கு, கைவிடப்பட்ட புகையிரதப் பாதை 1997 இல் துவிச்சக்கர வண்டிகளுக்கும் நடப்போருக்குமாகத் திறக்கப்பட்டது. பிரான்சின் முதலாவது ‘பசுமை வழி’ இதுவே என்பர். பின்னர் இது மாக்கோன் நகரை நோக்கி நீட்டப்பட்டபோது, மலையைக் குடைந்து அமைத்த 1,600 மீற்றர் நீளமான பழைய சுரங்கமும் இதனுடன் சேர்ந்தது. குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே அடைவதால், அம்மாதங்களில் சுரங்கத்தை மூடிவிடுகின்றனர்.

மலைநாட்டில் இவ்வழிகள் இலகுவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புகையிரதம் செங்குத்தான ஏற்றத்தில் ஏறமாட்டாது. ஆகவே அன்று பாதை அமைத்தோர் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மலையைச் சுற்றி வளைத்து, ஏற்றம் தெரியாதபடி பாதையைக் கொண்டு சென்றனர். அவர்களின் உழைப்பின் பயனாக இன்று வயோதிபரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் மலைநாட்டைக் கடக்கின்றனர்.

போர்டோ நகருக்கு அண்மையில், இரு ஆறுகளுக்கிடையே உள்ள மேட்டு நிலத்திலும் இத்தகைய வழியொன்று ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் செல்கின்றது. 1937 இல் ‘தூர் டி பிரான்ஸ்’ ஓட்டப்போட்டியில் வென்ற ரொஜே லப்பேபி என்பவரின் பெயரை அதற்கு இட்டுள்ளனர். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்பச் சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர் அமைப்பு அப்போட்டியில் அனுமதிக்கப்பட்ட முதல் ஆண்டும் அதுவே.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்டவாளம் கழற்றப்பட்டது; ஆனால் இவ்விடங்களில் நிலம் துண்டுதுண்டாகக் கைமாறிப் போகவில்லை. அது பொதுச்சொத்தாக இருந்தபடியாற்றான் வழி மீண்டும் உயிர்பெற்றது. பாதைக்காணி விற்கப்பட்ட இடங்களில், வழி நடுவே அறுந்து, ஓட்டுநர் பெருந்தெருவுக்கு இறங்க நேர்கின்றது.

தோட்டத்தின் ஊடாக

எல்லா வழியும் புகையிரத வழியல்ல. போன் நகரிலிருந்து சான்தனே வரை இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகச் செல்லும் வழி, தோட்டக்காரர் உழவு இயந்திரம் கொண்டு செல்லும் தோட்டப் பாதைகளாலானது. பொம்மார், வொல்னே, மெர்சோ போன்ற பெயர்பெற்ற வைன் கிராமங்களை அது தொட்டுச் செல்கின்றது. அங்கே தொழில் செய்வோருக்கு முன்னுரிமை. உல்லாசப் பயணி ஒதுங்கி நிற்க வேண்டும். இதுவே சரியான முறை என்பது எமது எண்ணம்.

பிரான்சில் ஏறத்தாழ 35,000 உள்ளூராட்சி அலகுகள் உள்ளன. எத்தனையோ சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் அவற்றின் பொறுப்பில் இருக்கின்றன. ஆயினும் எல்லாம் தப்பவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின், சிதறிக்கிடந்த சிறு காணிகளை ஒன்றிணைத்துப் பெரு வயல்களாக்கிய காலத்தில் பல ஒழுங்கைகள் உழவோடு உழவாக மறைந்தன. வரைபடத்தில் இருந்ததை எவரும் கேட்கவில்லை. கேட்காத வழி மறைந்துபோயிற்று.

அமைதியின் விலை

தெற்கே மேல் லாங்குடொக் மலைப்பகுதியில் பெதாரியூ நகரிலிருந்து மசாமே வரை ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளமான பசுமை வழி உண்டு. கீழே முந்திரிகைத் தோட்டங்கள், மேலே கஸ்தான் மரங்களும் ஓக் மரங்களும் அடர்ந்த சரிவுகள். காட்டினுள் உற்றுப் பார்த்தால் கல்லடுக்கிக் கட்டிய பழைய படிக்கட்டு வயல்களின் அணைகள் தெரியும். யாரோ ஒரு குடும்பம் முதுகிற் கல்சுமந்து கட்டிய அணைகள் அவை. இன்று அவற்றின் மேல் மரங்கள் நிற்கின்றன.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களிற் பெரும்பாலானவற்றை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி நட்டதனாலேயே அத்தொழில் தப்பியது. அதற்கு முதலின்றி ஊரைவிட்டுப் போனவர்கள் பலர். அல்ஜீரியா வரை சென்றவர்களும் உளர். பின்னர் முதலாம் உலகப் போர் இளைஞர்களைக் கொண்டுபோயிற்று. நகரத்துத் தொழிற்சாலைகள் எஞ்சியோரை அழைத்தன. ஊரில் ஆட்கள் குறையவே புகையிரதமும் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிரான்சின் காட்டுப்பரப்பு ஏறத்தாழ இருமடங்காகியுள்ளது. அதில் நட்டு வளர்த்த காடும் உண்டு. கைவிட்ட வயலில் தானாக முளைத்த காடும் உண்டு.

எனவே, பயணி விரும்பும் அந்த அமைதி, பெருமளவுக்கு, ஊரை விட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற அமைதியாகும். இதை மறந்து வழியின் அழகை மாத்திரம் பேசுவது அரைக்கதை.

பயன் யாருக்கு?

துவிச்சக்கர வண்டியில் வருபவர் மெதுவாக வருகிறார்; அதிகம் சுமக்க முடியாது. பாண், பாற்கட்டி, பழம் எல்லாவற்றையும் வழியிலேயே வாங்குகிறார். பொழுது சாயும் ஊரில் படுக்கை தேடுகிறார். காரில் வருபவரோ நகரத்தில் தங்கி, இரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவார். சிறு கிராமத்துக்கு முன்னவரே உகந்தவர்.

ஆனால் அப்பயன் தானாக ஊராருக்குச் சேராது. கமக்காரர் தமது வெறுமையான வீடுகளைத் திருத்திப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் முறை பிரான்சில் 1951 இல் ஆரம்பமாகி, 1955 இல் நாடளாவிய அமைப்பாயிற்று. அவ்வாறே, லாங்குடொக்கின் மரோசான் கிராமத்துச் சிறு தோட்டக்காரர் 1901 இல் வைன் கூட்டுறவை நிறுவினர். மேலே கூறிய குளூனி வழியில் உள்ள பியுஸி என்னும் ஊரிலும் 1931 முதல் கூட்டுறவுச் சங்கம் உண்டு. வழியில் வருபவர் அங்கு வாங்கும் போத்தலின் பணம் உறுப்பினரான தோட்டக்காரருக்கே செல்கின்றது. வீடும் விற்பனையும் ஊரார் கையில் இருந்தாற்றான் வழி ஊரை வாழவைக்கும். வெளியூர்ச் செல்வர் வீடுகளை விலைக்கு வாங்கி விடுமுறைக்கு மாத்திரம் வந்துபோனால், வழி இருக்கும், ஊர் இராது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பிரான்சில் மக்கள் வைன் அருந்துவது குறைந்துவிட்டது. போர்டோப் பகுதியிலும் தெற்கிலும் தோட்டக்காரர் பலர் விலையின்றித் தவிக்கின்றனர். 2024 இல், தோட்டத்தை வேரோடு பிடுங்குவோருக்கு ஹெக்டெயர் ஒன்றுக்கு 4,000 யூரோ கொடுக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. லப்பேபியின் பெயர் தாங்கிய வழியில் செல்பவர், கொடி பிடுங்கிய வெறும் நிலங்களையும் காணக்கூடும். ‘உல்லாசப் பயணம் அவர்களைக் காப்பாற்றும்’ என்று கூறுவோர் உளர். நாம் அதை ஏற்கவில்லை. பயணியின் பணம் கறிக்கு உப்புப் போன்றது. விளைவித்த பொருளுக்கு நியாய விலையே சோறு. உப்பைக் காட்டிச் சோற்றை மறுக்கக்கூடாது. பழம் பறிக்கும் காலத்துக்கு மாத்திரம் வந்துபோகும் கூலியாட்களுக்கோ இவ்வழிகளால் அந்த உப்பும் கிடைப்பது அரிது.

நாம் கொள்ள வேண்டியவை

அவ்வழிகளைப் பழிப்பது எமது நோக்கமன்று. கைவிட்ட பாதையைக் குப்பைமேடாக விடாது மக்களுக்குத் திறந்தது நல்ல காரியம். ஆனால் மூன்று விடயங்கள் அதிலிருந்து தெளிவாகின்றன. முதலாவது, ஒரு வழி நீண்ட காலம் பாவனையின்றிக் கிடந்தாலும், அதன் நிலம் பொதுவுடைமையாகப் பதிவில் இருந்தால் மீண்டும் திறக்கலாம். இரண்டாவது, கேட்பார் இல்லாத ஒழுங்கை அடுத்தவர் வயலாகிவிடும். மூன்றாவது, வழியால் வரும் வருமானத்தை ஊரவர் ஒன்றுசேர்ந்து கையில் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுப்பார்.

ஊரை விட்டு வந்திருக்கும் குடும்பங்கள் தமது காணி உறுதிகளைப் பத்திரமாக வைத்திருப்பதை நாம் அறிவோம். ஒழுங்கைக்கு உறுதி எவரிடமும் இல்லை. எந்த ஒழுங்கை எவ்வளவு அகலம், எந்தக் குளத்துக்கு, எந்த வயலுக்குப் போனது என்பது முதியோர் மனதில் மாத்திரமே இருக்கின்றது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் வரைந்து வைப்போமாக.